வன்னிக் குளத்து அல்லிகளை இனம்பிரிப்பது எப்படி?

இலங்கையின் வடக்கே, வன்னியில் குளம் தேடி அலையத் தேவையில்லை. ஓமந்தை, நெடுங்கேணி, செட்டிகுளம், மல்லாவி என்று எந்தப் பக்கம் போனாலும் வீதியோரம் ஒரு குளக்கட்டு வந்துவிடும். மாரி முடிந்து தண்ணீர் தெளிந்ததும் அந்தக் குளங்களில் பூ நிறைந்து கிடக்கும். என்ன பூ என்று கேட்டால் வெள்ளை என்றால் அல்லி, நீலம் என்றால் நீலோற்பலம், சிவப்பு என்றால் செவ்வல்லி என்று உடனே பதில் வரும்.

அந்தப் பதில் பல நேரம் சரியாகவே இருக்கும். ஆனால் நீலோற்பலம் வெள்ளையாகவும் பூக்கும். அல்லி இளஞ்சிவப்பாகவும் பூக்கும். கடும் ஊதாவில் நிற்பது இவை இரண்டுமே அல்லாத இன்னொன்றாக இருக்கலாம். அதனால் இந்த வழிகாட்டியில் நிறம் கடைசியில்தான் வருகிறது. இலையில் தொடங்கி, நேரத்தைப் பார்த்து, பூவின் நடுவைப் பார்த்து, அதற்குப் பிறகு நிறத்துக்கு வருவோம். புதிதாகத் தொடங்குபவர்கள் இந்த ஒழுங்கை மாற்றாமல் இருந்தால் பாதிக் குழப்பம் வராது.

போவதற்கு முன்

தை முதல் சித்திரை வரை நல்ல காலம். மாரியில் குளம் நிரம்பிக் கலங்கியிருக்கும். கோடை முற்றினால் சிறுகுளங்கள் பல வற்றிவிடும். அப்போது கிழங்கு மட்டும் சேற்றுக்குள் உறங்கும், மேலே பார்க்க ஒன்றும் இராது.

இரணைமடு, முத்தையன்கட்டு போன்ற பெரிய குளங்களைவிட ஊர்க்குளங்கள் வசதி. பெரிய குளத்தின் நடுப்பகுதி ஆழம், அலையும் அடிக்கும். பூ இருந்தாலும் எட்டாத தூரத்தில் இருக்கும். ஊர்க்குளத்தில் முழங்கால் ஆழத்திலேயே எல்லாம் கிடைக்கும். பெரிய குளம்தான் பக்கத்தில் இருக்கிறது என்றால் கட்டுப் பக்கத்தை விட்டுவிட்டு, நீரேந்தும் பக்கத்து ஆழமில்லாத அலைகரைக்குப் போங்கள்.

கொண்டுபோக வேண்டியவை அதிகமில்லை. நுனி கவர்விட்ட நீளமான தடி ஒன்று, இலையைப் புரட்டுவதற்கு. பத்து மடங்கு பெருக்கும் கைவில்லை இருந்தால் நல்லது. ஒரு வெள்ளைத் தாள், ஓர் அடிமட்டம், கொப்பி, பென்சில். பேனை வேண்டாம், ஈரத்தில் எழுதாது. கைத்தொலைபேசியை ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு வையுங்கள்.

பாதுகாப்பைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. வன்னிக் குளங்களில் முதலை உண்டு. ஊர்க்காரர் இறங்கிக் குளிக்கும் துறை எது, இறங்காத பக்கம் எது என்று முதலில் கேளுங்கள்; அவர்கள் இறங்காத பக்கத்தில் நீங்களும் இறங்காதீர்கள். காலில் புண் இருந்தால் சேற்றுத் தண்ணீரில் நிற்க வேண்டாம், எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றும். எல்லாவற்றுக்கும் மேலாக, போர் நடந்த நிலம் இது. கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகையோ சிவப்பு நாடாவோ கண்ணில் பட்டால் அந்தப் பக்கம் எந்தப் பூவுக்காகவும் போகாதீர்கள். மாடு மேய்க்கும் பாதை, கமக்காரர் நடக்கும் பாதை ஆகியவற்றை விட்டு விலகவும் வேண்டாம். இன்னொன்று: பெண்கள் குளிக்கும் நேரத்தில் துறைப்பக்கம் கமராவுடன் நிற்காதீர்கள். நீங்கள் பூவைத்தான் படமெடுக்கிறீர்கள் என்று யாருக்குத் தெரியும்?

அல்லி அல்லாதவற்றை முதலில் ஒதுக்குங்கள்

குளத்தில் மிதப்பதெல்லாம் அல்லி இல்லை. மூன்று செடிகளை ஒதுக்கிவிட்டால் மிச்சம் எளிது.

தாமரையை யாரும் தவறவிடுவதில்லை என்று நினைப்போம். பூ இருக்கும்போது உண்மைதான், இலை மட்டும் இருக்கும்போது தடுமாற்றம் வரும். தாமரையிலையில் பிளவு கிடையாது. காம்பு இலையின் நடுவில், அடிப்பக்கத்தில் வந்து சேரும். முதிர்ந்த இலைகள் தண்ணீருக்கு மேலே உயர்ந்து நிற்கும். தண்ணீர் தெளித்தால் முத்தாக உருண்டு ஓடும். அல்லி வகைகளின் இலையில் விளிம்பிலிருந்து காம்பு வரை ஒரு பிளவு இருக்கும். இலை நீர்மட்டத்தோடு படுத்திருக்கும். அவ்வளவுதான். ஒரே குளத்தில் ஒன்றாக வளர்வதால் இரண்டையும் உறவு என்று நினைக்கிறோம், ஆனால் தாவரவியலில் தாமரைக்கும் அல்லிக்கும் வெகுதூரம். பூக்கும் தாவரங்களின் வரலாற்றில் மிகப் பழைய கிளைகளில் ஒன்று அல்லியினுடையது; தாமரையோ வேறொரு கிளையில், பிளேன் மரங்களுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

இரண்டாவது, நிம்பொயிடஸ் என்ற சின்ன நீர்ச்செடி. இலையைப் பார்த்தால் சிறிய அல்லியிலை என்றே தோன்றும். பூவைப் பாருங்கள். வெள்ளை, சில சென்டிமீற்றர் அகலம்தான், நடுவில் மஞ்சள். பெரும்பாலும் ஐந்து இதழ், அதில் மெல்லிய வெள்ளை மயிர் இருக்கும். பூக்காம்புகள் கொத்தாக, இலைக்குச் சற்றுக் கீழே காம்பிலிருந்தே கிளம்பும். அல்லிப்பூவின் காம்பு தனியாக அடிக்கிழங்கிலிருந்து வரும். சந்தேகம் வந்தால் பூக்காம்பைப் பிடித்துக்கொண்டு கீழே விரலை ஓட்டுங்கள், எங்கே போய்ச் சேர்கிறது என்பதே விடை.

மூன்றாவது ஆகாயத்தாமரை. தூரத்திலிருந்து அதன் ஊதா நீலோற்பலமாக ஏமாற்றும். கிட்டப் போனால் உப்பிய இலைக்காம்பும், கொத்தாக நிற்கும் பூவும், மேலிதழில் மஞ்சள் பொட்டும் காட்டிக்கொடுத்துவிடும்.

முதற்படி: இலை

இனி உண்மையான வேலை. வன்னியில் நீங்கள் பிரித்தறிய வேண்டியவை முக்கியமாக இரண்டு இனங்கள்: அல்லி, அதாவது நிம்பேயா பியூபெசென்ஸ், நீலோற்பலம், அதாவது நிம்பேயா நூச்சாலி. செவ்வல்லியும் ஊதாக் கலப்பினமும் இவற்றுக்குப் பக்கத்தில் வருபவை, அவற்றைப் பிறகு பார்ப்போம்.

நன்றாக விரிந்து மிதக்கும் முதிர்ந்த இலை ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள். தண்ணீருக்குள் இருக்கும் இளம் இலை, சேற்றில் வாடிக் கிடக்கும் குட்டை இலை இரண்டும் வேண்டாம். எல்லா இனத்திலும் அவை ஏறத்தாழ ஒன்றுபோலத்தான் இருக்கும். விளிம்பைப் பாருங்கள். அல்லியிலையின் விளிம்பில் அரிவாள் வாயைப் போல் கூரான பற்கள் சுற்றிவரத் தெரியும். நீலோற்பலத்தின் விளிம்பு மழுமழுவென்று இருக்கும், அல்லது ஒழுங்கில்லாமல் லேசாக நெளிந்திருக்கும். நெளிவையும் பல்லையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பல் என்றால் ஒவ்வொன்றும் தனியாக, கூராக, விரலில் தட்டும்.

அடுத்து இலையைத் தடியால் புரட்டுங்கள். இந்த வேலையை நிறையப் பேர் செய்வதில்லை. கரையில் நின்று பூவைப் படமெடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்தப் படத்தை வைத்துப் பிறகு ஒருவராலும் உறுதியாக எதையும் சொல்ல முடிவதில்லை. என்னைக் கேட்டால் பூவே இல்லாமல் இலையின் அடிப்பக்கம் மட்டும் இருக்கும் படம், அடிப்பக்கம் இல்லாத அழகான பூப்படத்தைவிடப் பெறுமதியானது. அல்லியிலையின் அடியில் நுண்மயிர் அடர்ந்திருக்கும். ஈரமாக இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலால் தடவினால் தெரியும். நரம்புகளும் தடித்துப் புடைத்து நிற்கும். நீலோற்பலத்தின் அடிப்பக்கத்தில் மயிர் இராது, வழுவழுப்பாக இருக்கும். பெரும்பாலும் ஊதா கலந்த நிறம் படர்ந்திருக்கும். அந்த ஊதா நிறத்தை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம், அல்லியின் அடிப்பக்கமும் சில நேரம் சிவந்திருக்கும். நம்ப வேண்டியது மயிரைத்தான்.

இலையின் அளவும் காம்பின் நீளமும் எதற்கும் உதவாது. தண்ணீர் எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவு காம்பும் நீளும். ஒரே கிழங்கு, குளம் நிரம்பி வான் பாயும் காலத்தில் ஆளுயரக் காம்பும், பங்குனியில் சாண் அளவுக் காம்பும் விடும்.

இரண்டாம் படி: எத்தனை மணிக்குப் பார்க்கிறீர்கள்?

அல்லி நிலவைக் கண்டு மலரும் என்று கேட்டிருப்போம். நிலவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது இரவில் மலரும் பூ. மாலை மங்கியதும் விரியத் தொடங்கி, மறுநாள் முற்பகல் வெயில் ஏறும்போது மூடிக்கொள்ளும். செவ்வல்லியும் அப்படியே. நீலோற்பலம் பகற்பூ. காலை வெயில் பட்டு விரியும், பிற்பகலில் கூம்பும்.

ஆகவே மத்தியானத்தில் போய் நின்றால் விரிந்திருப்பது பெரும்பாலும் நீலோற்பலமாக இருக்கும். அல்லிகள் மொட்டுப் போல் மூடிக் கிடக்கும். அல்லி குறைவு என்று எழுதிக்கொண்டு வந்துவிடாதீர்கள். காலை 8 மணியை ஒட்டிப் போவதே புத்திசாலித்தனம். அந்த நேரம் இரண்டும் திறந்திருக்க வாய்ப்பு அதிகம், வெயிலும் தாங்கலாம். மழைமூட்டமான நாளில் நேரங்கள் கொஞ்சம் பிந்தும். ஒரு பூ ஒரே நாளோடு முடிவதில்லை. சில நாட்கள் திரும்பத் திரும்ப விரிந்து மூடும்.

நேரம் தனியே நின்று எதையும் நிரூபிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இலை சொன்னதை அது உறுதிப்படுத்தும், அவ்வளவே.

மூன்றாம் படி: பூவின் நடு

பூவை மேலிருந்து, நேராக நடுவுக்குள் பாருங்கள். தடியின் கவரைப் பூக்காம்பில் கொடுத்து மெதுவாக உங்கள் பக்கம் சாய்க்கலாம், பறிக்கத் தேவையில்லை. நடுவில் கேசரங்கள், அதாவது மகரந்தம் தாங்கும் இழைகள், கூட்டமாக நிற்கும். நீலோற்பலத்தின் வெளிக்கேசரங்களில், மகரந்தக்கூட்டுக்கு மேலே ஒரு சின்ன நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நாக்கு பெரும்பாலும் இதழின் நிறத்திலேயே இருக்கும், நீலப் பூவில் நீலமாக, வெள்ளைப் பூவில் வெள்ளையாக. மேலிருந்து பார்த்தால் மஞ்சள் கூட்டத்தின் நுனிகள் மட்டும் வேறு நிறத்தில் தெரியும். அல்லியில் இந்த நாக்கு இல்லை. கேசரத்தின் நுனி மொட்டையாக முடியும்.

வெள்ளைப் பூ ஒன்று நீலோற்பலமா அல்லியா என்று தடுமாறும்போது இதுதான் தீர்ப்பு. இலை கிழிந்து பூச்சி அரித்திருந்தாலும், பூ எந்த நிறத்தில் இருந்தாலும், இந்த நுனி மாறாது. கைவில்லை இல்லாவிட்டால் கைத்தொலைபேசியில் கிட்ட எடுத்துப் பெருப்பித்துப் பாருங்கள்.

முதல் நாள் விரிந்த பூவின் நடுவில் கிண்ணம் போன்ற குழியில் கொஞ்சம் திரவம் தேங்கியிருக்கும், கேசரங்கள் சுற்றிவர விலகி நிற்கும். அன்று பூவின் குறி, அதாவது மகரந்தத்தை ஏற்கும் பகுதி, தயாராக இருக்கிறது. பிறகு வரும் நாட்களில் கேசரங்கள் உள்நோக்கி வளைந்து அந்தக் குழியை மூடிவிடும், மகரந்தம் அப்போதுதான் உதிரும். ஒரே செடியில் இரண்டு விதமான நடு தெரிகிறதே, இரண்டு இனமோ என்று மயங்க வேண்டாம். வயதுதான் வேறு.

வெளியே நான்கு புல்லிதழ்கள் எல்லாவற்றிலும் உண்டு. அல்லியில் அவற்றின் வெளிப்பக்கத்தில் நீள்வாக்கில் நரம்புகள் எடுப்பாகத் தெரியும். நீலோற்பலத்தில் அவ்வளவு எடுப்பாக இராது. பூவிதழின் நுனியையும் கவனியுங்கள்: நீலோற்பலத்தின் இதழ்கள் ஒடுங்கிக் கூர்மையாக முடியும், அல்லியினுடையவை அகன்று மழுங்கியிருக்கும். பழகப் பழக, குளக்கட்டில் நின்றே இந்த வித்தியாசம் பிடிபடும். தொடக்கத்தில் அதை நம்ப வேண்டாம்.

இப்போது நிறம்

இலை, நேரம், நடு மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்திவிட்டதா? சரி, இனி நிறத்தைப் பார்க்கலாம்.

பற்கள் உள்ள விளிம்பு, மயிருள்ள அடி, மொட்டை நுனிக் கேசரம், பூ வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு என்றால் அல்லி. இதே அடையாளங்களோடு பூ கடும் சிவப்பாக, இலையும் செம்மை படிந்ததாக இருந்தால் செவ்வல்லி, நிம்பேயா ரூப்ரா. செவ்வல்லியைத் தனி இனமாக வைப்போரும் உண்டு, அல்லியோடு சேர்ப்போரும் உண்டு. குறிப்பில் செவ்வல்லி என்று எழுதினால் போதும்.

மழுமழு விளிம்பு, வழுவழுப்பான அடி, நாக்குள்ள கேசரம், பூ வெளிர்நீலம், வெள்ளை அல்லது லேசான இளஞ்சிவப்பு என்றால் நீலோற்பலம். வெளிர்நீலம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். நம் குளத்து நீலோற்பலம் அடர்ந்த நிறமுள்ள பூ அல்ல. வயதான பூ வெளிறி வெள்ளையாகவே தெரியும்.

அப்படியானால் அந்தக் கடும் ஊதாப் பூ? நீலோற்பலம் 1986இல் இலங்கையின் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது. ஆனால் பல காலமாகப் படங்களிலும், தெற்கில் விகாரை வாசல்களில் விற்கும் பூக்கட்டுகளிலும் நீலோற்பலம் என்ற பெயரில் புழங்கியது பளிச்சென்ற ஊதாப் பூ ஒன்று. அது இந்த நாட்டுக்குரிய இனமல்ல, அலங்காரச் செடியாக வந்த கலப்பினம் என்று நம் தாவரவியலாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். நிம்பேயா எரங்கே என்று அதற்குத் தனிப்பெயரும் இட்டார்கள். தேசிய மலரின் பெயரில் இன்னொரு பூ படத்துக்கு நின்றதை இவ்வளவு காலம் ஒருவரும் கவனிக்கவில்லை என்பது வேடிக்கைதான், ஆனால் பூவின் நிறத்தை மட்டும் பார்த்தால் இதுதான் நடக்கும். கலப்பினமும் பகற்பூ, அதன் கேசரத்திலும் நாக்கு உண்டு. அதனால் இரண்டாம், மூன்றாம் படிகள் அதை நீலோற்பலத்திலிருந்து பிரித்துத் தரா. இங்கே மட்டும் நிறத்தையும் இதழ்களின் அடர்த்தியையும் பார்க்க வேண்டியிருக்கிறது. நீலோற்பலத்தில் இதழ்கள் எண்ணிவிடக்கூடிய அளவு, பத்துப் பன்னிரண்டை ஒட்டி இருக்கும். கடும் ஊதாவாக, இதழ் நெருங்கிய பூ என்றால் நீலோற்பலம் என்று எழுத வேண்டாம். கோயில் கேணி, விடுதித் தடாகம், வீட்டுத் தொட்டி ஆகியவற்றில் கண்டால் இன்னும் கவனம் தேவை, அவை ஆட்கள் வைத்தவையாக இருக்கக்கூடும்.

நிறத்தைப் பதிவதில் கைத்தொலைபேசியை முழுதாக நம்பாதீர்கள். வெளிர்நீலத்தை ஊதாவாகக் காட்டுவது அதன் பழக்கம், அதுவும் உச்சி வெயிலில். பூவுக்குப் பக்கத்தில் வெள்ளைத் தாளைப் பிடித்து, உங்கள் நிழல் பூவின் மேல் விழும்படி நின்று எடுங்கள். கண்ணுக்குத் தெரிந்த நிறத்தையும் அங்கேயே கொப்பியில் எழுதுங்கள்.

பழைய நூல்களோடு ஒப்பிடும்போது

பழைய நூல்களில் நீலோற்பலம் நிம்பேயா ஸ்டெல்லாட்டா என்ற பெயரில் இருக்கும். வில்டெனோ என்ற தாவரவியலாளர் 1799இல் இட்ட பெயர் அது. பர்மன் என்ற இன்னொரு தாவரவியலாளர் 1768லேயே நூச்சாலி என்று பெயரிட்டிருந்தபடியால் முந்திய பெயர் நிலைத்தது. நம் அல்லியை நிம்பேயா லோட்டஸ் என்று எழுதியவர்களும் உண்டு. அது எகிப்து, ஆபிரிக்கப் பக்கத்து வெள்ளை அல்லி, உறவுதான் என்றாலும் வேறு. இந்தப் பெயர்களைக் கண்டு புதிதாக இரண்டு இனம் இருப்பதாக நினைத்துவிட வேண்டாம்.

காயை வைத்துப் பார்க்கலாமா?

சிரமம். பூ முடிந்ததும் காம்பு வளைந்து காயைத் தண்ணீருக்குள் இழுத்துவிடும். காய் அங்கேதான் முற்றும். முற்றி உடைந்ததும் விதைகள் மேலே வந்து கொஞ்ச நேரம் மிதக்கும். அல்லி விதையைச் சேர்த்துக் காயவைத்துச் சமைப்பதும், கிழங்கை அவித்துத் தின்பதும் குளத்தை நம்பி வாழ்ந்த ஊர்களின் பழைய வழக்கம். எந்தக் குளத்துக் கிழங்கு கயர்க்கும், எது மாப்பிடிக்கும் என்று கோடையில் கிழங்கு கிண்டியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அப்படிப்பட்ட ஒருவரோடு ஒரு காலைப்பொழுது குளக்கட்டில் இருந்து கதைத்தால் இந்தக் கட்டுரையில் இல்லாத அடையாளங்கள் நாலைந்து கிடைக்கும்.

குறிப்பு எழுதும் விதம்

ஒரு செடிக்கு நான்கு படம் எடுங்கள்: மேலிருந்து முழு இலை, பிளவு தெரியும்படி; இலையின் அடிப்பக்கம், விளிம்போடு சேர்த்து; பூவின் நடு, நேர் மேலிருந்து; பூவின் பக்கவாட்டு, புல்லிதழ் தெரியும்படி. நான்கும் ஒரே செடியினுடையதாக இருக்க வேண்டும். அல்லியும் நீலோற்பலமும் பின்னிப் பிணைந்து வளரும் குளங்களில் ஒன்றின் பூவையும் மற்றதன் இலையையும் சேர்த்துப் படமெடுப்பது மிகச் சுலபம். காம்பைப் பிடித்துக்கொண்டு கிழங்கு வரை விரலை ஓட்டி, இரண்டும் ஒரே இடத்தில் சேர்வதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கொப்பியில் இப்படி ஒரு வரி போதும்: "ஊர்க்குளம், மேற்கு அலைகரை, முழங்கால் ஆழம், காலை 8.40. விளிம்பு பல், அடி மயிர், கேசர நுனி மொட்டை. பூ வெள்ளை, பாதி மூடியது. அல்லி."

அடையாளங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் செடியும் வரும். பல் இருக்கிறது ஆனால் மயிரில்லை, அல்லது விளிம்பு மழுமழு ஆனால் பூ கடும் ஊதா. அப்போது இழுத்துப் பிடித்து ஒரு பெயருக்குள் போட வேண்டாம். கண்டதை அப்படியே எழுதி, இனத்தின் இடத்தில் "நிம்பேயா, உறுதியில்லை" என்று போட்டுவிட்டு, அடுத்த மாரி கழிந்து அதே இடத்துக்குப் போய்ப் பாருங்கள். இடத்தை மறக்காமலிருக்கக் கரையில் நிற்கும் மருதமரத்தையோ துருசையோ (மதகையோ) வைத்துத் தூரம் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஏறி இறங்கியதும் அலைகரை இருந்த இடத்தில் இராது.